பாலத்தடியில் நான் சொன்ன பெயர்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இருக்கிறாய் என்று மாலா சொல்லிவிட்டாள். அவளுக்கு நீ போன் எடுக்கிறாய், பிள்ளையின் காதில் போனை வைக்கச் சொல்கிறாய், அது 'ங்ஙா' என்றால் சிரிக்கிறாய். "அத்தை பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கவா?" என்று அவள் கேட்டதும் உனக்கு ஹயர், சவாரி வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த நேரம் பார்த்து ஹயர் வருகிற ஆட்டோ கொழும்பிலேயே உன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவாயாம். தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வரமாட்டாயாம். கீழே பெக்டரி வளைவில் நின்று ஹோர்ன் அடிப்பாயாம், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வர வேண்டுமாம். நீ பிறந்து வளர்ந்த வீட்டு வாசலுக்கு வராமல், வாடகைக்கு ஆள் ஏற்ற வந்தவன் மாதிரி வளைவில் நிற்கப் போகிறாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பாலத்தடியில் நான் ஒரு பெயரைச் சொன்னேன். அதிலிருந்து உனக்கு நான் அம்மா இல்லை, காட்டிக் கொடுத்தவள். உன் ஸ்டாண்டில் நிற்கிற நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். அதனால் இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. அவர்களும் வாசிக்கட்டும். ஒரு பக்கத்துக் கதையை நீ சொல்லிவிட்டாய், மற்றப் பக்கத்தை நான் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் நேரே வந்து சொல்லுங்கள்.

அன்றைக்குப் பொலிசில் இருந்து வெளியே வந்ததும் நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய். "அப்பாவா இருந்தா சொல்லியிருக்க மாட்டாரு." சரி, முதலில் உன் அப்பாவைப் பற்றியே பேசுவோம். அவர் ஒட்டுப்பால் விஷயத்தில் மாட்டியபோது நீ சின்னப் பிள்ளை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பிறகு வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஒட்டுப்பால். அதுவும் தோட்டத்துச் சொத்துதான். ஆனால் அதைத் திருட்டு என்று எங்கள் லயத்தில் யாரும் நினைத்ததில்லை. வாளிக்கு வந்த பால் தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு, ஒட்டியது நமக்கு என்று ஒரு நியாயம். விறகுக் கட்டுக்குள் வைத்து உன் அப்பா கீழே கிராமத்துக் கடைக்காரனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நாள் வாச்சர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டான். தொரை கேட்டது ஒன்றே ஒன்று: வாங்குகிறவன் யார், சொன்னால் பேர் வெட்டமாட்டேன். உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. பேர் வெட்டுப்பட்டது, வேலை போனது.

அன்றைக்குச் சாயந்தரம் லயமே எங்கள் வாசலில் கூடியது. "ஆம்பளைன்னா இவன்தான்யா, சொல்லலியே!" என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். நீ அப்பாவின் மடியில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு அந்தச் சாயந்தரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த மாதங்கள் ஞாபகம் இல்லை. அந்தக் கடைக்காரன் எங்களுக்கு ஒரு சுண்டு அரிசி கடன் தரவில்லை. எங்களோடு பேசினால் தன் மேல் சந்தேகம் வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் அக்கா படிப்பை விட்டாள். கேகாலை பஸ் ஸ்டாண்டில் ஒரு எசமானி நோனாவின் கையில் அவளைப் பிடித்துக் கொடுத்து, கொழும்புக்கு வீட்டு வேலைக்கு ஏற்றி அனுப்பியவள் நான். அப்பா மூடிய வாய்க்கு உன் அக்கா யாரோ வீட்டில் பாத்திரம் கழுவினாள். அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனுசன். ஆனால் ஒருவன் வாயை மூடிக்கொண்டு பெரிய ஆளாகும்போது பக்கத்தில் யாரோ ஒருத்தி அதற்கான கூலியைக் கட்டுகிறாள். தோளில் தட்டுகிறவர்கள் அவளைப் பார்ப்பதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்குப் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து தொட்டில் போட வேண்டும் என்று கூட்டிப்போக நான் கொழும்புக்கு, கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தேன். பஸ்ஸில் போவோம் என்றேன். "என் மக மொதல் தடவ ஊருக்குப் போறா, பஸ்ல நசுங்கியா போவா? என் வண்டியிலதான் போவா" என்றாய். உன் பெருமை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. பேத்தி என் மடியில், மாலா பக்கத்தில், மகன் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு. இந்த மூன்று பேரோடும் லயத்து முன்னால் இறங்கும்போது எல்லோரும் வெளியே வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அதற்காகத்தான் அன்றைக்கு நல்ல சேலையைக் கட்டியிருந்தேன்.

வண்டியில் பெட்ரோல் இல்லை என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. நீ இறங்கி வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாய், டாங்கில் எவ்வளவு தளும்புகிறது என்று. கொழும்பில் பெட்ரோல் செட்டுக்குக் குறைவா? ரோட்டில் போகும்போதே ஒன்று வந்தது, கூட்டம்கூட இல்லை. நீ நிற்கவில்லை.

"ஏன்டா, அங்க அடிச்சா என்ன?"

"செட்ல அடிச்சா நமக்கு என்னம்மா மிஞ்சும்? வெலய ஏத்திக்கிட்டே போறான். நாங்க ஹயர ஏத்த முடியுமா? ஏத்துனா சனம் பஸ்ல போயிரும்."

"அப்ப அங்க நிக்கிறவங்க எல்லாம் யாரு?"

"மடையன்க."

மாலா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கொழும்பைச் சுற்றி எங்கெங்கே பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும், எந்தச் சந்தில் எந்தக் கிழமை கிடைக்கும் என்று நீ சொல்லிக்கொண்டே ஓட்டினாய். நாங்கள் காட்டில் கீரை எங்கே முளைக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிற மாதிரி உனக்கு அது தெரிந்திருந்தது. முதலில் ஒரு வாய்க்கால் ஓரத்துக் கராஜுக்குப் போனோம். அங்கே இருந்தவன் உன்னைக் கண்டதும் தலையை ஆட்டினான். காலையிலேயே பொலிஸ் சுற்றுகிறதாம். அப்புறம் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால். அங்கே ஒருத்தன் போத்தலில் கொண்டுவந்தான். நீ உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்து ஊதிப் பார்த்தாய். "பாதி மண்ணெண்ணெய், எஞ்சின கொன்னுருவான்" என்று திருப்பிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு வண்டி இருமத் தொடங்கியது. ரிசேர்வைத் திருப்பினாய். வெயில் ஏறிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்க மாலாவுக்கு இடமில்லை, என் சேலைத் தலைப்பை விரித்து மறைத்துப் பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை இப்போது. இன்னும் ஒரு செட் கடந்து போனது. "தம்பி, இதுல அடி. பிள்ளை இருக்கு" என்றேன். "பேசாம இரும்மா, ஒரு எடம் இருக்கு" என்றாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். தோற்றுவிட்டேன் என்று பெண்டாட்டி முன்னால் சொல்ல முடியாத ஆம்பிளையின் குரல்.

அந்த இடம் எங்கே என்று எழுத மாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும். உன் நிமல் அய்யாவின் வீடு. சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள். நீ அவரை வாய் நிறைய அப்படித்தான் கூப்பிட்டாய். பெட்ரோல் கொண்டுபோகிற பவுசர் லொறியில் கூட வேலைக்குப் போகிறவர். பவுசர் எண்ணெயை இறக்கிய பிறகு குழாயிலும் அடியிலும் தங்குவதை வடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னை மாதிரி ஆட்டோக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார் என்று நீதான் காதுக்குள் சொன்னாய். "ஒட்டுப்பால் மாதிரிதாம்மா. வாளிக்குப் போனது அவங்களுக்கு, ஒட்டுனது இவருக்கு." என்ன சொல்வேன்? அந்த நியாயத்தில் சோறு சாப்பிட்ட வீட்டுக்காரிதானே நான்.

அவர் பெண்டாட்டி சோமா இருக்கிறாளே, அவளைப் பற்றி நான் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய். கேட்டைத் திறந்ததும் பெட்ரோலைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள். "ஐயோ, வெயில்ல இந்தப் பச்ச மண்ண சுத்த வச்சிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?" என்று சிங்களத்தில் உன்னைத் திட்டிக்கொண்டே என் கையில் இருந்து வாங்கினாள். மாலாவைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள், ஆறுதலாகப் பால் கொடுக்கட்டும் என்று. எனக்குப் பிளேன்டீ வந்தது, ஹக்குரு வெல்லத் துண்டோடு. என் சிங்களத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா கேகாலைப் பக்கமா? எங்க அம்மா ஊரும் அங்கதான்" என்றாள். பிள்ளையின் உள்ளங்காலில் முத்தம் வைத்தாள். தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிற வருஷம் இது. அவள் எண்ணவில்லை. நிமல் டாங்கை நிரப்பினார். வழிக்குக் கூடுதலாக இருக்கட்டும் என்று நீ சீட்டுக்குப் பின்னால் இருந்து கேனை எடுத்துக் கொடுத்தாய்.

அந்தக் கேன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பெக்டரியில் பாலை உறைய வைக்கிற அசிட் வருகிற வெள்ளைக் கேன். அசிட் முடிந்ததும் லயத்துக்கு வந்துவிடும். மூடி இறுக்கம், ஒழுகாது. எங்கள் வீடுகளில் குடிதண்ணீர் அதில்தான், மண்ணெண்ணெய் அதில்தான், கள்ளும் அதில்தான். நீ கொழும்புக்குப் போகும்போது நான் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தது. அதில் ஒட்டியிருக்கிற மண்டையோட்டுப் படத்தைப் பிறந்ததில் இருந்து பார்த்துப் பார்த்து அது நமக்குக் கண்ணில் படுவதே இல்லை, சாக்கில் அச்சடித்த பூ மாதிரி. கொழும்பில், அதுவும் அங்கங்கே குண்டு வெடித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், ஒரு தமிழ்ப் பையன் மண்டையோடு போட்ட கேனில் பெட்ரோலை நிரப்பி, பிள்ளை பெற்றவளின் துணிமூட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டு பாலம் தாண்டப் போகிறான் என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நிமல் மட்டும் ஒரு தடவை பார்த்து, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, வேற கேன் இல்லையா?" என்று கேட்டார். "இது நல்ல கேன் அய்யே, ஒழுகாது" என்றாய். ஒழுகாது என்று நானும் தலையாட்டினேன்.

கொழும்பை விட்டு வெளியேறுகிற பாலத்தடியில் நிறுத்தினார்கள். வழக்கமான சோதனைதான், எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். சின்ன வயது ஆமிக்காரன் ஒருத்தன் குனிந்து பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் துணிமூட்டையைத் தூக்கினான். சிரிப்பு நின்றுவிட்டது. மூடியைத் திறந்து மோந்தான். அசிட் வாடை ஒருநாளும் போகாது, உனக்குத் தெரியும். புளித்த அந்த வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அவன் மூக்கில் ஏறியதும் பின்னால் பாய்ந்து கத்தினான். ஒரு நிமிசத்தில் ரோடு வெறித்துப்போனது. பின்னால் நின்ற வண்டிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார்கள். எங்களைச் சுற்றித் துவக்குகள். இறங்கு, இறங்கு, கையைத் தூக்கு. பிள்ளையை வைத்துக்கொண்டு கையை எப்படித் தூக்குவது? ஒரு கையைத் தூக்கினேன். மாலா என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். உன்னை மதில் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். என் பேத்தி அழவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அத்தனை சத்தத்திலும் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தாள்.

பொலிஸ் சார்ஜன் ஒருவர் வந்தார். தலை நரைத்த ஆள், யூனிபோமில் இருந்தார். கேட்டார், நீ பதில் சொன்னாய். எனக்கு எல்லாம் கேட்டது.

"எங்க வாங்கின?"

"செட்ல சேர்."

"கேனுக்கு செட்ல குடுக்கிறதில்லயே. எந்த செட்?"

நீ ஒரு செட்டைச் சொன்னாய்.

"பில் எங்க?"

இல்லாத பில்லுக்கு நீ எங்கே போவாய்.

"பொரு கியன்ன எப்பா" என்றார், பொய் சொல்லாதே என்று. அவர் சத்தம் போடவில்லை. தன் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். நீ மறுபடியும் அதே செட்டைச் சொன்னாய். அப்பாவின் பிள்ளை, சாகிறவரைக்கும் சொல்லமாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இதுவரைக்கும் நடந்தது உனக்கும் தெரியும். இனிச் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. உன் முகம் மதிலைப் பார்த்து இருந்தது. மாலா என் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். பார்த்தவள் நான் மட்டும்தான்.

மரத்து நிழலில் இருந்து ஒருத்தன் எழுந்து வந்தான். யூனிபோம் இல்லை. கட்டம் போட்ட சட்டை, காலில் செருப்பு. அவன் வந்ததும் சார்ஜன் ஒரு அடி தள்ளி நின்றார். உன் அடையாள அட்டையை அவர் கையில் இருந்து அவன் வாங்கினான். பார்த்தான். திருப்பிக் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இந்த வருஷங்களில் கொழும்புக்கு வந்து போகிற எந்தத் தாய்க்கும் அது விளங்கும். யூனிபோம்காரன் கையில் இருக்கிற அட்டை திரும்பி வரும், தாமதமானாலும் வரும். யாரென்று தெரியாதவன் பைக்குள் போன அட்டைக்கு யாரிடம் போய்க் கேட்பாய்? அவன் மரத்துப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். அங்கே ஒரு வெள்ளை வேன் நின்றது, ஏறினவன் திரும்பி வருவதில்லை என்று ஊரே பேசுகிற மாதிரி ஒன்று. முன்னால் எண் தகடு இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. அதன் பக்கக் கதவு இழுபட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது.

தம்பி, அது என்ன வேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆமிக்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்த வேனாகவும் இருக்கலாம். அதை ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் முன்னால் இருந்தது இரண்டு வழி. குண்டுக் கேன் என்றால் நீ அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரனுடைய ஆள். திருட்டுப் பெட்ரோல் என்றால் நீ சார்ஜனுடைய ஆள். திருட்டுக்கு எழுதுவார்கள், அடைப்பார்கள், கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள், நான் வெளியே நின்று அழுவேன். உன்னைப் பார்க்க ஒரு கம்பியாவது இருக்கும். பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, பயம்தான் அப்படி யோசித்தது.

நான் கத்தினேன். சட்டைக்காரனைப் பார்க்கவே இல்லை, சார்ஜனைப் பார்த்துத்தான் கத்தினேன், ரோட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும் என்று. "மகத்தயா, என் மகன் பொய் சொல்றான்! அது களவு பெட்ரோல்! மலிவுன்னு வாங்கினோம்! வீட்டைக் காட்டுறோம், வாங்க!" நிமல் பெயரைச் சொன்னேன். எந்தச் சந்து என்று சொன்னேன். கேட் சிவப்பு என்று சொன்னேன். நீ மதிலில் இருந்து திரும்பி, "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாயே, இப்போதும் பால் வெட்டப் போகிறவர்கள் மலையில் கூப்பிட்டால்கூட எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. நான் நிறுத்தவில்லை. சார்ஜன் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன். சட்டைக்காரனிடம் போய் மெதுவாகப் பேசினார். கொஞ்ச நேரம் ஆனது. அவன் பைக்குள் கையை விட்டான். அட்டை சார்ஜன் கைக்கு வந்தது. நீ வேனில் ஏறவில்லை, ஜீப்பில் ஏறினாய்.

வீட்டைக் காட்ட உன்னையே கூட்டிப்போனார்கள். சோமா கேட்டில் நின்று பார்க்க, நீ ஜீப்பில் இருந்து கையை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அது என் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. நாங்கள் பாலத்தடியில் தார் ரோட்டு வெயிலில் நின்றோம், ஜீப் திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டு. சாயந்தரம், நாங்களும் பொலிஸ் வாசலுக்கு வந்து நின்ற பிறகு, உன்னை விட்டார்கள். வண்டியை வைத்துக்கொண்டார்கள், அது உன் கைக்கு வரச் சில நாள் ஆனதாம். நிமலை விடவில்லை. நீ வெளியே வந்து அப்பாவைப் பற்றி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, எங்களைக் கேகாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். தொட்டில் நீ இல்லாமல்தான் போட்டோம். உன் அக்கா வந்து பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். நீ சொன்ன பெயரைத்தான் வைத்திருக்கிறோம். லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, உன் மூக்கு, உன் நெற்றி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அந்த வீட்டு ஹக்குருவ கடிச்சிக்கிட்டே காட்டிக் குடுத்துட்டா" என்று நீ மாலாவிடம் சொன்னாயாம். உண்மை. அதனால்தான் போன கிழமை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி சோமா வீட்டுக்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது. அவள் ஆட்களை வைத்து அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கேட்டைத் தட்டினேன். திறந்தாள், பாதிதான் திறந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நிமலைப் பிணையில் விட்டிருக்கிறார்களாம், வேலை போய்விட்டதாம். பிள்ளைக்குப் பால் ஊறுகிறதா என்று முதலில் அதைத்தான் கேட்டாள். நான் வேனைப் பற்றிச் சொன்னேன், சட்டைப் பையைப் பற்றிச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன் அம்மே" என்றாள். "என் புள்ளைய அந்த வேன்ல ஏத்த விட்டிருக்க மாட்டேன். உங்க பேரு இல்ல, உங்க பரம்பரைப் பேரையே சொல்லியிருப்பேன்." கேட்டில் இருந்து கையை எடுக்காமல், "ஆனா உள்ள வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோபிக்காதீங்க" என்றாள். கையில் கொண்டுபோன பலாக்கொட்டைப் பையையும் அவள் வாங்கவில்லை.

கேட்டைச் சாத்தும்போதுதான் இன்னொன்று சொன்னாள். "உங்க மகன் அன்னிக்கே வந்தான். உங்கள பஸ் ஏத்திட்டு நேரா இங்கதான் வந்தான். இதே எடத்துல நின்னு அழுதான். நான் சொல்லல அக்கே, எங்க அம்மாதான் சொன்னா, எங்க அம்மாதான் சொன்னான்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னான்."

கேகாலை பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடவத்தை தாண்டும் வரைக்கும் அழுகை வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனுசி, கிறுக்கோ என்று தள்ளி உட்கார்ந்தாள். சாகிறவரைக்கும் யார் பெயரையும் சொல்லாத அப்பாவின் பிள்ளை, ஒரு பொம்பிளையின் முகத்தைப் பார்த்ததும் பெற்றவள் பெயரைச் சொல்லிவிட்டான். அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் முன்னால் நீ நல்லவனாக நிற்க வேண்டும் என்று அப்படி ஒரு தவிப்பு உனக்கு. எனக்குப் பாலத்தடியில் நீ உயிரோடு நிற்க வேண்டும் என்று மட்டும்தான் தவிப்பு, நல்லவனாக நின்றாலும் கெட்டவனாக நின்றாலும்.

புத்தி சொல்லும் பாகம் சின்னதுதான். மலிவாக வாங்குவது குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வாழ்நாள் பூராவும் மலிவைத் தேடித்தான் நாங்களும் அலைந்தோம். ஆனால் எவனிடம் வாங்கினாய் என்று கேட்டால் சொல்ல முடியாத சாமானை வண்டியில் ஏற்றாதே. நீ அதைச் சொல்லாமல் இருக்கும்போது உன் பெண்டாட்டி சொல்ல வேண்டிவரும், நாளைக்கு உன் மகள் சொல்ல வேண்டிவரும். ரோட்டோரத்துச் செட்டில், மடையன்களோடு மடையனாக நின்று, டாங்கில் அடித்துக்கொண்டு வா. கேன் வேண்டாம். ஸ்டாண்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் அதுதான், லயத்தில் இருந்து கொண்டுபோன கேன் யாரிடம் இருந்தாலும் தூக்கி எறியுங்கள். நிமல் அய்யாவுக்கு வேலை இல்லை. ஸ்டாண்டில் யாராவது இரண்டாவது டிரைவர் தேடினால் முதலில் அவரைக் கேள். அதை நான் செய்ய முடியாது, என் காசையும் அந்த வீட்டில் வாங்கமாட்டார்கள். நீ செய்யலாம்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மறுபடியும் அந்தப் பாலத்தடியில் நிறுத்தினாலும் மறுபடியும் சொல்வேன், இதைவிடச் சத்தமாகச் சொல்வேன். நீ என்னை மன்னிக்க வேண்டியதும் இல்லை. சோமா செய்த மாதிரிச் செய், அது போதும். அவள் கேட்டைப் பாதி திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே கூப்பிட மாட்டேன் என்று வாயால் சொன்னாள். நீயும் போயாவுக்கு லயத்துக்கு ஏறி வா. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து, "உள்ள வரமாட்டேன்" என்று சொல். நான் ஒன்றும் திருப்பிச் சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கொண்டுவந்து உன் கையில் தந்துவிட்டு மாலாவின் மூட்டையைக் கட்டப் போய்விடுவேன். மூட்டை கட்ட எனக்கு நேரம் பிடிக்கும். இங்கே இப்போது மத்தியானம் ஆனால் மழை ஊற்றுகிறது. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு நீ எவ்வளவு நேரம் வாசலில் நிற்கிறாய் என்று பார்ப்போம்.

அம்மா